கடலுக்கு அடியில் கம்பி போட்ட மனிதர்: வெர்னர் சீமென்ஸ்

பொன்விழா மலருக்கு மின்சாமான் தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். வயர், கேபிள் விற்கிறவன் தன் கடையைப் பற்றி எழுதினால் அது விளம்பரமாகிவிடும். விளம்பரத்துக்கு மலரின் பின்பக்கங்களில் தனி இடம் இருக்கிறது. ஆகவே இந்தத் தொழிலுக்கே வாப்பா என்று சொல்லத்தக்க ஒருவரின் வாழ்க்கையை எழுதுகிறேன். பெயர் வெர்னர் சீமென்ஸ். ஜெர்மானியர். 1892ஆம் ஆண்டு இறந்தவர். சிங்கப்பூர் மண்ணை அவர் மிதித்ததில்லை. ஆனால் சிங்கப்பூரிலிருந்து போன ஒரு சரக்கு இல்லாவிட்டால் அவருடைய தொழில் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அந்தச் சரக்கிலிருந்தே தொடங்கலாம்.

தாபான் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் காட்டு மரம் ஒன்று உண்டு. அதன் பால் உறைந்தால் கெட்டியான பிசின் ஆகும். வெந்நீரில் போட்டால் கொழுக்கட்டை மாவு போல் குழையும். ஆறினால் மரம் போல் இறுகும். மலாய்க்காரர்கள் பாராங் கத்திக்கு அதில்தான் பிடி செய்து வந்தார்கள். கட்டாபெர்ச்சா என்று அதற்குப் பெயர். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி அந்தப் பிடியைப் பார்த்து அதிசயப்பட்டு, 1843இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அதே ஆண்டு இங்கிருந்த வியாபாரி ஜோசே தல்மெய்தாவும் மாதிரிகளை லண்டனுக்குக் கொண்டு போனார். சில ஆண்டுகளில் அது பெரிய வியாபாரமாகிவிட்டது. தெலுக் பிளாங்காவில் இருந்த தெமெங்கோங் இப்ராஹிம் ஜொகூர்க் காடுகளிலிருந்து வந்த கட்டாபெர்ச்சாவைத் தன் கைக்குள் வைத்துப் பெரும் பொருள் ஈட்டினார். சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமியா சூலியா பள்ளிவாசல் எழும்பிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நம் முன்னோர்கள் ஆற்றங்கரையில் தோணி தள்ளிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலேயே இந்தப் பிசின் கட்டிகள் கப்பலேறிக்கொண்டிருந்தன.

அந்தக் கட்டிகளில் ஒன்று 1846இல் லண்டனிலிருந்து பெர்லினுக்குப் போனது. அனுப்பியவர் வில்ஹெல்ம் சீமென்ஸ். பெற்றுக்கொண்டவர் அவருடைய காக்கா வெர்னர். அப்போது அவர் பிரஷ்ய ராணுவத்தில் பீரங்கிப் படை அதிகாரி, வயது முப்பது.

வெர்னர் பிறந்தது 1816 டிசம்பர் 13, ஹனோவர் நகருக்குப் பக்கத்தில் லெந்தே என்ற ஊரில். தந்தை சொந்த நிலம் இல்லாமல் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர். வீட்டில் பதினான்கு பிள்ளைகள், வெர்னர் நான்காமவர். பிள்ளைக்குக் கணக்கிலும் கட்டுமானத்திலும் ஆசை. மேல்படிப்புக்குப் பணம் இல்லை. ராணுவத்தில் சேர்ந்தால் பீரங்கிப் படைக்கான பள்ளியில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் இலவசமாகக் கற்றுக்கொடுப்பார்கள் என்று தெரிந்து, சண்டை போடும் ஆசையில் அல்லாமல் படிக்கும் ஆசையில் சிப்பாய் ஆனார். பெர்லினில் 1835 முதல் 1838 வரை படித்ததுதான் அவருடைய மொத்தக் கல்லூரிப் படிப்பு. டிப்ளமாவோடு தொழிலுக்கு வந்த எனக்கு இந்த இடம் கொஞ்சம் பிடிக்கும், அதை மறைக்கவில்லை.

1839இல் தாய் இறந்தார். அடுத்த ஆண்டே தந்தையும் போனார். சின்னஞ்சிறு தம்பி தங்கைகளின் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அதிகாரியின் சம்பளம் அவர் ஒருவருக்கே போதாது. பணம் வரும் வழியைத் தேடித்தான் அவர் புதுமைகளைக் கண்டுபிடிக்கத் தொடங்கினார். இதற்கிடையில் இரண்டு அதிகாரிகள் ஒண்டிக்கு ஒண்டி சண்டை போட, ஒருவருக்குத் துணைநின்ற குற்றத்துக்காக மாக்டெபர்க் கோட்டையில் அடைக்கப்பட்டார். சிறை அறைக்குள் ரகசியமாக ரசாயனப் பொருள்களை வரவழைத்து, மின்சாரத்தால் தங்க முலாம், வெள்ளி முலாம் பூசும் முறையைச் சோதித்துக்கொண்டிருந்தார் என்பது கதை போலத் தோன்றும். ஆனால் நடந்தது அதுதான். 1842இல் அதற்கு உரிமை வாங்கினார். தம்பி வில்ஹெல்ம் அதை இங்கிலாந்துக்குக் கொண்டு போய் நல்ல விலைக்கு விற்றார். குடும்பத்துக்கு வந்த முதல் பெரிய காசு அது.

இனி கட்டாபெர்ச்சாவுக்கு வருவோம். பிரஷ்ய ராணுவம் அப்போது மின் தந்தியை ஆராய ஒரு குழு அமைத்திருந்தது. கம்பியைக் கம்பத்தில் தொங்கவிட்டால் கலகக்காரர்கள் அறுத்துவிடுவார்கள் என்பது ராணுவத்தின் பயம். மண்ணில் புதைத்தால் ஈரம் மின்சாரத்தை உறிஞ்சிவிடும். கண்ணாடிக் குழாய், ரப்பர் என்று எதை எதையோ சுற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் நிற்கவில்லை. தம்பி அனுப்பிய பிசினைச் சூடாக்கிப் பார்த்த வெர்னருக்கு அது மின்சாரத்தை உள்ளேயே நிறுத்திவைக்கும் என்று புரிந்தது. ஆனால் பட்டையாக வெட்டிக் கம்பியைச் சுற்றி ஒட்டினால் தையல் விழுந்த இடம் நாளடைவில் பிளக்கிறது. அதன் வழியாக ஈரம் புகுகிறது. தையலே இல்லாமல் பூச வேண்டும்.

அதற்காக 1847இல் அவரும் யோஹன் கேயோர்க் ஹால்ஸ்கே என்ற கைதேர்ந்த கருவி வினைஞரும் ஓர் அச்சு செய்தார்கள். நம் வீட்டு இடியாப்ப உரலை நினைத்துக்கொண்டால் போதும். சூடாகக் குழைந்த பிசினை அழுத்தித் தள்ள, நடுவில் செம்புக் கம்பி ஓட, வெளியே வரும்போது கம்பியைச் சுற்றிச் சீரான உறை ஏறியிருக்கும். இன்றைக்கு வீவக வீட்டுச் சுவருக்குள் ஓடும் பிவிசி வயரும் இதே முறையில்தான் தயாராகிறது. பொருள் மாறியிருக்கிறது, வேகம் கூடியிருக்கிறது, அடிப்படை அதேதான். உறை போட்ட கம்பியைத் தண்ணீரில் ஊறவைத்து, மின்சாரம் கசிகிறதா என்று கருவி வைத்துச் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். இந்தச் சோதனைப் பழக்கம்தான் பிற்காலத்தில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

அதே 1847 அக்டோபரில் பெர்லினில் ஒரு பின்கட்டு வீட்டில் சீமென்ஸ்–ஹால்ஸ்கே பட்டறை திறந்தது. முதல் கொடுத்தவர் பெரியப்பா சிற்றப்பா வழிச் சொந்தக்காரரான ஒரு வழக்கறிஞர். தொகை 6,842 தாலர். வேலையாட்கள் பத்துப் பேர். மறு ஆண்டு டென்மார்க்கோடு போர் வந்தபோது, கீல் துறைமுகத்தைக் காக்க, கட்டாபெர்ச்சா உறை போட்ட கம்பியால் கரையிலிருந்தே வெடிக்கவைக்கும் நீரடிக் கண்ணிவெடிகளை வைத்தார். பிறகு பெர்லினிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் தந்தி; சுமார் 500 கிலோமீட்டர், அந்நாள் ஐரோப்பாவிலேயே நீளமானது. 1849 மார்ச்சில் ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடியிருந்த மன்றம் பிரஷ்ய மன்னரைப் பேரரசராகத் தேர்ந்தெடுத்த செய்தி ஒரு மணி நேரத்துக்குள் பெர்லினை எட்டியது. அந்த ஆண்டே வெர்னர் ராணுவ வேலையை விட்டார்.

அடுத்து வந்தது அடி. இந்தப் பகுதிக்காகத்தான் நான் இவரைத் தேர்ந்தெடுத்தேன் என்றும் சொல்லலாம்.

செலவைக் குறைக்க வேண்டும் என்று அரசாங்கம் கம்பிகளை ஆழமில்லாமல், ரயில் பாதை ஓரமாக, மேலே ஈயமோ இரும்போ போர்த்தாமல் புதைக்கச் செய்திருந்தது. பிசினோடு கந்தகம் கலந்த வகையும் பயன்பட்டது. அந்தக் கந்தகம் செம்போடு சேர்ந்து உறையைக் கெடுத்தது. எலிகள் கடித்தன. இரண்டே ஆண்டுகளில் வழிநெடுகப் பழுது. குற்றம் யார் மேல் என்ற கேள்வி வந்ததும் எல்லா விரலும் உறை போட்டவரை நோக்கி நீண்டது. வெர்னர் பேசாமல் இருந்திருக்கலாம்; அரசாங்கம்தான் அவருடைய பெரிய வாடிக்கையாளர். அவர் 1851இல் ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். கம்பி எங்கே, எதனால் கெட்டது, எப்படிப் புதைத்திருக்க வேண்டும், பழுதான இடத்தை எப்படி அளந்து கண்டுபிடிப்பது என்று தொழில்முறையில் எழுதினார். அதிகாரிகள் கோபித்துக்கொண்டார்கள். பிரஷ்ய அரசின் வேலை நின்றது. நாலு வயசுப் பட்டறைக்கு அது கழுத்தில் கத்தி.

அவர் செய்தது சரியா என்று வியாபாரிகளுக்குள் இரண்டு அபிப்பிராயம் இருக்கும். வாடிக்கையாளரைப் பகைத்துக்கொண்டு நியாயம் பேசுவது சுலபம் அல்ல. கூலிக்காரர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் போட வேண்டியவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் அந்த நூல் அவரை உள்ளூரில் கெடுத்தாலும், கம்பியில் பழுது கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதர் என்று வெளிநாடுகளில் அறிமுகப்படுத்தியது.

சம்பாத்தியம் ரஷ்யாவில் கிடைத்தது. 1853இல் தம்பி கார்ல் பீட்டர்ஸ்பர்க் போனார். இரண்டு மூன்று ஆண்டுகளில் பின்லாந்திலிருந்து கிரிமியா வரை ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர் தந்தி. போட்டதில் கிடைத்த லாபத்தைவிட, பல ஆண்டுகளுக்குப் பராமரிக்கும் ஒப்பந்தத்தில் கிடைத்தது அதிகம். நம் தொழிலிலும் அதே கதைதான். சாமான் விற்பதில் இல்லாத காசு சர்வீஸில் இருக்கிறது. ஒன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. அந்த அவசரமெல்லாம் கிரிமியப் போருக்காக. எதிரே நின்றது உதுமானியப் பேரரசு. சீமென்ஸ் குடும்பம் தழைத்தது அந்தப் போரில்தான். அவரைப் புகழ்ந்து எழுதும் புத்தகங்கள் இதை வேகமாகத் தாண்டிப் போகின்றன.

வாப்பா ஊரில், காக்கா பினாங்கில், தம்பி சிங்கப்பூரில் என்று சபர் போய்த் தொழில் வளர்த்தவர்கள் நாம். இவர்களும் அப்படியே. வெர்னர் பெர்லினில், கார்ல் பீட்டர்ஸ்பர்கில், வில்ஹெல்ம் லண்டனில் வில்லியம் ஆகி அங்கேயே குடியுரிமையும் வாங்கிவிட்டார். வால்ட்டர், ஓட்டோ இருவரும் காக்கசஸ் மலைநாட்டுத் திஃப்லிஸில். இன்றைய அஸர்பைஜானில் உள்ள கெடாபெக் செம்புச் சுரங்கத்தைக்கூட 1864இல் வாங்கினார்கள். அண்ணன் தம்பிகளுக்குள் கடிதப் போக்குவரத்து ஓயவே இல்லை. கணக்கில் சண்டையும் ஓயவில்லை. வால்ட்டர் 1868இலும் ஓட்டோ 1871இலும் திஃப்லிஸிலேயே இறந்தார்கள். சபுராளிகளின் வீட்டில் இது புதிதல்ல.

கடலடிக் கேபிளுக்கு வெர்னர் வந்தது 1857இல். சார்டீனியாவிலிருந்து அல்ஜீரியாவின் போன் நகருக்குக் கேபிள் போட நியூவால் என்ற ஆங்கிலக் கம்பெனி முனைந்தது. அதற்கு முன் அந்த ஆழ்கடலில் போட முயன்றவர்கள் கேபிளைக் கடலுக்குப் பறிகொடுத்திருந்தார்கள். காரணம் எளிது. கப்பலுக்கும் கடலடிக்கும் இடையே தொங்கும் கேபிளின் பாரமே மிச்சத்தை இழுத்துக்கொண்டு ஓடும். பிரேக் போதாவிட்டால் கேபிள் வீணாக ஓடித் தீர்ந்துவிடும், கூடிவிட்டால் அறுந்துவிடும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கு வெர்னர் ஒரு கணக்குச் சொன்னார்: அடிவரை நேராகத் தொங்கும் கேபிள் தண்ணீருக்குள் எவ்வளவு கனக்குமோ அந்த அளவு பிடித்தால் போதும். இழுவிசையை அளக்கும் கருவியைப் பிரேக்கோடு பொருத்தி, தாமே அதன் பக்கத்தில் நின்று கப்பல் அக்கரை சேரும்வரை பார்த்துக்கொண்டார். கேபிள் ஆப்பிரிக்கக் கரையைத் தொட்டது.

அடுத்து செங்கடல். சூயஸிலிருந்து ஏடன், ஏடனிலிருந்து கராச்சி. 1859இல் அங்கே போகும் வழியில் கெய்ரோவில் சேயோப்ஸ் பிரமிடின் மேல் ஏறினார். பாலைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. விரலை உயர்த்தினால் சீறல் சத்தம் கேட்டது. உடனே ஒரு கண்ணாடி பாட்டிலில் ஈரக் காகிதத்தைச் சுற்றி, காற்றில் இருந்த மின்சாரத்தை அதில் சேர்த்துப் பொறி பறக்கவிட்டார். கூட வந்த அரபு வழிகாட்டிகள் இது ஏதோ சூனியம் என்று பயந்து இறங்கச் சொல்ல, அவர்களின் பெரியவருக்குப் பாட்டிலாலேயே ஒரு ஷாக் கொடுத்துவிட்டார். இதை அவர் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார். விஞ்ஞானமாகப் பார்த்தால் அருமையான சோதனை. வழிகாட்டி நின்ற இடத்தில் நம் பாட்டனார் ஒருவரை நிறுத்திப் பார்த்தால் அவ்வளவு ரசிக்க முடியவில்லை.

திரும்பும்போது அல்லாஹ் அவருக்கும் ஒரு ஷாக் வைத்திருந்தான். ஆல்மா என்ற பயணிக் கப்பல் இரவில் செங்கடல் பவளப்பாறையில் மோதிச் சாய்ந்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட எல்லோரும் நிழலும் தண்ணீரும் இல்லாத பாறைத் தீவில் நாள்கணக்கில் கிடந்தார்கள். ஒரு படகு போய் உதவி தேட, பிறகு ஆங்கிலப் போர்க்கப்பல் வந்து மீட்டது. ஹஜ்ஜுக்குப் பாய்க்கப்பலில் போன நம் முன்னோர்கள் அந்தக் கடலின் பாறைகளுக்கு ஏன் அவ்வளவு பயந்தார்கள் என்பது இதைப் படித்தால் புரியும்.

கேபிளும் நிலைக்கவில்லை. பவளப்பாறை முகடுகளின்மேல் தளர்வே இல்லாமல் இழுத்துப் போட்டிருந்ததால் இடையிடையே அந்தரத்தில் தொங்கி, பாரம் ஏறி அறுந்தது. சீக்கிரமே முழுவழியும் செத்துப்போனது. அதைப் போட்ட கம்பெனிக்கு உத்தரவாதம் கொடுத்திருந்த பிரிட்டிஷ் அரசாங்கம், வேலை செய்யாத கேபிளுக்குப் பல ஆண்டுகள் பணம் கட்டியது.

சூடுபட்ட அரசாங்கம் அடுத்த கேபிளைச் சோதிக்கும் வேலையை சீமென்ஸ் சகோதரர்களிடம் ஒப்படைத்தது. அது ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போடுவதற்காகச் செய்த கேபிள். கப்பலின் அடித்தட்டில் சுருட்டி வைத்திருந்தபோது அது தானாகச் சூடாகிறது என்று சந்தேகம். செம்பு சூடேறினால் அதன் மின்தடை கூடும் என்ற விதியை வைத்து, சுருளுக்குள் கைவிடாமலேயே வெப்பத்தை அளந்தார்கள். கட்டாபெர்ச்சா இளகி நாசமாகும் நிலை! தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினார்கள். கடைசியில் அந்தக் கேபிள் சிங்கப்பூருக்கு வரவில்லை. திட்டத்தை மாற்றி 1861இல் மால்டாவுக்கும் அலெக்ஸாண்டிரியாவுக்கும் இடையே போட்டுவிட்டார்கள். நமக்குக் கேபிள் கிடைக்க மேலும் பத்தாண்டு ஆயிற்று.

1863இல் லண்டன் வுலிச்சில் சொந்தக் கேபிள் தொழிற்சாலை. மறு ஆண்டே ஸ்பெயினின் கார்த்தஹேனாவிலிருந்து அல்ஜீரியாவின் ஓரானுக்குப் போட்ட கேபிள் அறுந்து அறுந்து கடலில் போனது; நஷ்டம் பெரிது. ஹால்ஸ்கேக்கு இந்தச் சூதாட்டம் பிடிக்கவில்லை. ஒவ்வொரு கருவியும் நகை மாதிரி இருக்க வேண்டும் என்று நினைப்பவர் அவர். லண்டன் கணக்கிலிருந்து விலகி, 1867இல் பெர்லின் கம்பெனியிலிருந்தும் பிரிந்தார். பிரிந்த விதம் பாராட்டத்தக்கது: தம் பணத்தை ஒரேயடியாக உருவிக்கொள்ளாமல் பல ஆண்டுகள் கம்பெனியிலேயே விட்டு வைத்தார். நட்பும் முறியவில்லை. கூட்டு வியாபாரம் உடைந்து நீதிமன்றம் வரை போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பிறகு அவருடைய மிகப் பெரிய வேலை: லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குத் தந்தி, சுமார் 11,000 கிலோமீட்டர். பெர்லின், வார்சா, ஒடெஸா, திஃப்லிஸ், தப்ரீஸ் வழியாக தெஹ்ரான் வரை சீமென்ஸ் சகோதரர்கள் வேலை. அதற்கப்பால் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் வழி. இடையில் எந்த ஊழியரும் கையால் வாங்கி மறுபடி அனுப்பாமல் கருவியே கடத்திவிடும் ஏற்பாடு. 1870 ஏப்ரல் 12 அன்று லண்டனிலிருந்து போன செய்தி 28 நிமிடத்தில் கல்கத்தாவில் இருந்தது. கப்பல் தபாலுக்கு ஒரு மாதம் பிடித்த தூரம். அந்த வழி 1931 வரை ஓடியது. 1870–71இல் வேறொரு ஆங்கிலக் கம்பெனி மதராஸிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் போட்டது. அதிலும் உறை கட்டாபெர்ச்சாதான். கடிதத்தை நம்பிச் சரக்கு ஏற்றிய காலம் அத்தோடு மாறத் தொடங்கியது.

டைனமோவைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும் என்பதால் சுருக்கமாக: நிலைக்காந்தம் இல்லாமல், இரும்பில் மிச்சமிருக்கும் சிறு காந்தத்தைக் கொண்டே மின்சாரத்தை வளர்த்துக்கொள்ளும் முறையை 1866இல் கண்டார். அதே சமயத்தில் இங்கிலாந்தில் வீட்ஸ்டனும் வார்லியும் அதையே கண்டார்கள். 1879இல் பெர்லின் கண்காட்சியில் மின்சார ரயில் ஓட்டினார். நம் எம்ஆர்டியில் 1990களில் வந்து கிழக்கு மேற்கு, வடக்கு தெற்குத் தடங்களில் பல ஆண்டுகள் ஓடிய சீமென்ஸ் ரயில்களில் ஏறிய பெரியவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களிலும் நிறைய இருப்பார்கள்.

1872இல், கம்பெனி தொடங்கி 25 ஆண்டு ஆனபோது, தொழிலாளர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். அரசாங்கச் சட்டம் வருவதற்கு முன். வேலையாள் வேறு இடத்துக்கு ஓடாமல் இருக்க இதைவிட நல்ல கட்டு இல்லை என்பதும் அவருக்குத் தெரியும், இரண்டும் சேர்ந்துதான். 1888இல் பிரபுப் பட்டம் வந்தது. இரண்டு மனைவியரில் முதலாமவர் மத்தில்டே 1865இலேயே நோயில் இறந்தார். தம்பி வில்லியம் 1883இல் போனார். வெர்னர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்த அதே ஆண்டில், 1892 டிசம்பர் 6 அன்று, 76 வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில் காலமானார். மின்கடத்தும் திறனுக்கான அலகுக்கு உலகம் சீமென்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறது.

தாபான் மரங்களின் கதை சோகமானது. பாலை எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு மரத்தில் கிடைப்பதோ கொஞ்சம். சிங்கப்பூரில் சில ஆண்டுகளிலேயே வெட்டித் தீர்த்துவிட்டு ஜொகூர், சுமாத்ரா, போர்னியோ என்று தள்ளிக்கொண்டே போனார்கள். 1930களில் பாலிதீன் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் கடலடிக் கேபிள் அந்த மரத்தை விட்டது. இன்றைக்குச் சாங்கியிலும் துவாஸிலும் கரையேறும் கேபிள்களுக்குள் ஓடுவது கண்ணாடி இழை. கட்டாபெர்ச்சா வேண்டும் என்று எந்த மின்சாமான் கடையிலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் பல் மருத்துவரிடம் வேர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் வாயில் அது இன்னும் இருக்கிறது. பல்லின் வேரை அடைக்க அவர்கள் பயன்படுத்தும் இளஞ்சிவப்புக் குச்சி அதே பிசின்தான்.